மைனரின் மூளைக்கு ஒரு தகரக் கூரை

மொரிஸ் மைனர் என்கிற பழைய பிரிட்டிஷ் காருக்குள் சுசுகி ஜிம்னியின் எஞ்சினை இறக்கியிருக்கிறேன் என்று சொன்னதும், வாகனம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது கியர்பாக்ஸ் எப்படி உட்கார்ந்தது என்று. அடுத்த கேள்வி பிரேக். அதற்கடுத்து, ஆர்.எம்.வி.யில், அதாவது வாகனப் பதிவுத் திணைக்களத்தில், பதிவுப் புத்தகத்தை மாற்றியாயிற்றா என்பது. இசியூவை, அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரை, எங்கே வைத்தாய் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என்னை ஒன்றரை வருடம் அலைக்கழித்தது அந்த ஒன்றுதான். பாடசாலைப் பிள்ளையின் கொப்பியைவிடச் சின்னதாக ஓர் அலுமினியப் பெட்டி. அதை மூன்று இடங்களில் மாட்டினேன். முதல் இரண்டும் பிழை. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். பழைய காருக்குள் புதிய எஞ்சின் ஏற்ற நினைக்கும் யாராவது, குறிப்பாக நம்முடைய மழைக்குள் இருந்துகொண்டு அப்படி நினைப்பவர்கள், இதைப் படித்தால் ஒரு பெட்டியின் விலையாவது மிஞ்சும்.

கார் 1963ஆம் ஆண்டு மைனர் 1000. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஒருவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்போது அப்பா அவரிடம் வாங்கியது. 1098 சிசி எஞ்சின், புதிதாக இருந்தபோது 48 குதிரைச் சக்தி. எங்கள் கைக்கு வரும்போது அதில் எத்தனை குதிரை உயிரோடு இருந்தது என்பது அந்தக் கிளாக்கருக்குத்தான் வெளிச்சம். அப்பா இருந்தவரை ஓடியது. பிறகு கொட்டிலுக்குள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது.

எஞ்சினை ஏன் மாற்றினாய், பாவமில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வீடு இலங்கை மலையகத்தில், ஹட்டனில், ஏறத்தாழ 1270 மீட்டர் உயரத்தில். நுவரெலியா 1868 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். கொழும்பில் டியூன் பண்ணிய எஸ்.யூ கார்பரேட்டருக்கு இதெல்லாம் தெரியாது. அது பாட்டுக்குப் பழைய கணக்கில் பெட்ரோலை ஊற்றும், காற்றோ குறைவு. நானுஓயாவைத் தாண்டும்போது இருமும், பிளக்கைக் கழற்றினால் கரிச்சட்டி. இங்கேயே டியூன் பண்ணிக்கொண்டு கித்துல்கலைக்கு இறங்கினால் அங்கே வேறு பிரச்சினை. பெட்ரோலை ஊசி மூலம் செலுத்தும் எஞ்சினில் காற்றழுத்தத்தை அளக்க ஒரு சென்சர் இருக்கிறது. மலை ஏறினாலும் இறங்கினாலும் அது பார்த்துக்கொள்ளும். எனக்கு வேகம் வேண்டியதில்லை. குளிர்காலக் காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனால் போதும்.

ஜிம்னியின் 1300 எஞ்சினைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சிம்பிள். ஜி13பிபி என்கிற அந்த எஞ்சின் நீளவாக்கில் உட்காரும். நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி, ஜிம்னியில் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியே கிடக்கும். அதை விட்டுவிட்டால் கியர்பாக்ஸின் வாலில் இருந்து நேராகப் பின் அச்சுக்கு ஷாஃப்ட் போடலாம். கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் எஞ்சின், கியர்பாக்ஸ், வயர்க்கட்டு, இசியூ என்று முழு செட்டாக எடுத்தேன். வயர்க்கட்டை வெட்டாமல் தாருங்கள் என்று கடைக்காரரிடம் கெஞ்சியது மட்டும்தான் அந்த நாளில் நான் செய்த புத்திசாலித்தனம். அவர்கள் வழக்கமாகக் கத்தியால் ஒரே இழுப்பு.

இசியூவுக்கு இடம் தேடுவதற்கு முன்னால் ஒரு கண்டம் இருந்தது. பழைய பிரிட்டிஷ் கார்களில் பலவற்றைப் போல மைனரும் பொசிட்டிவ் எர்த். பெட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் கட்டியிருக்கும். ஜப்பான் எஞ்சினின் எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் மைனஸைப் பாடியில் எதிர்பார்ப்பவை. மாற்றிக் கொடுத்தால் இசியூ ஒரு நொடிகூடத் தாங்காமல் போகலாம். எனவே டைனமோவைக் கழற்றி ஜிம்னியின் ஆல்டர்னேட்டரோடு விட்டோம். பெட்டரியைத் திருப்பினோம். அம்மீட்டர் போல உள்ளே ஏதாவது பிற்காலத்தில் யாராவது பூட்டியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு வயராகப் பார்த்தோம். அந்தக் காரில் மொத்தம் இரண்டே இரண்டு ஃபியூஸ், 35 ஆம்பியர் வீதம். இரண்டு ஃபியூஸ் உள்ள காருக்குள் அறுபது எழுபது வயர் கொண்ட மூளையை வைக்கப் போகிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. புதிய எஞ்சினுக்குத் தனியாக ஃபியூஸ் பெட்டி, தனி ரிலே. பழைய லைட், ஹார்ன், வைப்பர் எல்லாம் பழையபடியே. இரண்டையும் கலக்கவில்லை. அதற்காக இன்றுவரை என்னையே மெச்சிக்கொள்கிறேன்.

இனி இடம்.

முதல் இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை, வயர்க்கட்டு. ஜிம்னியில் இசியூ கேபினுக்குள் இருந்த பொருள். அதனால் வயர்க்கட்டு ஃபயர்வாலை, அதாவது எஞ்சின் அறையையும் கேபினையும் பிரிக்கும் தகட்டுச் சுவரை, தாண்டிக் கொஞ்ச தூரம் வரும். அந்த நீளத்துக்குச் சுலபமாக எட்டிய இடம், முன் பயணி கால் வைக்கும் இடத்தில் இடப்பக்கச் சுவர். அகலமான தகடு, நாலு ஸ்க்ரூ, மேலே ஒரு ரெக்சின் மூடி. பார்க்க அழகு. கை சுலபமாகப் போகும். படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

அந்த இருக்கையில் உட்காருபவர் அம்மா. அம்மாவின் கையில் குடை. ஹட்டனில் குடை இல்லாமல் வெளியே போகிறவர்கள் இரண்டே வகை, ஒன்று வெளியூர்க்காரர், மற்றது பாடசாலைப் பையன்கள். ஏறி உட்கார்ந்ததும் அம்மா குடையை மடக்கி இடப்பக்க மூலையில், கதவுக்கும் சுவருக்கும் நடுவில், நுனி கீழே இருக்கும்படி சாத்துவார். அம்மா அந்தக் காரில் முப்பது வருடமாகக் குடை சாத்திய மூலை அது. இப்போது குடைத்துணி நேராக ரெக்சின் மூடியில் சாய்ந்தது. ஒரு சந்தைப் பயணத்துக்கு அரை டம்ளர் தண்ணீர்.

அது மட்டும் என்றால் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம் (சொன்னேன். “அப்ப குடைய ஒன் தலையிலயா வைக்கிறது?” என்றார்). மைனரின் அந்தப் பகுதிக்கு மேலேயிருந்தும் தண்ணீர் வரும், கீழேயிருந்தும் வரும். கண்ணாடி ரப்பர் வழியாக வருவது ஓரமாக வடிந்து அங்கேதான் இறங்கும். சக்கரம் தெறிப்பது தகட்டு இணைப்பு வழியாக ஏறும். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் மே மாதத்தில் இருந்து செப்டம்பர் வரை அடியில் காயவே காயாது. ஆறு வாரத்தில் எஞ்சின் சும்மா நிற்கும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஏறும், இறங்கும், ஏறும். கனெக்டரைக் கழற்றினேன். இரண்டு பின்களில் பச்சைக் களிம்பு.

களிம்பு என்றால் கோயில் குத்துவிளக்கில் பார்க்கிறோமே, அதேதான். செம்பு கலந்த எதிலும் ஈரம் பட்டால் வரும். விளக்கில் வந்தால் புளி போட்டுத் தேய்க்கலாம். இசியூ பின்னில் வந்தால் கதை வேறு. சென்சர்கள் பேசுவது 0 முதல் 5 வோல்ட்டுக்குள். எஞ்சின் சூடா குளிரா என்று சொல்லும் சென்சரின் பாதையில் களிம்பு கொஞ்சம் தடை போட்டாலே இசியூவுக்கு எஞ்சின் இன்னும் குளிராக இருப்பதாகத் தோன்றும். உடனே பெட்ரோலைக் கூட்டும். கார்பரேட்டரிடம் இருந்து தப்பி வந்தவனுக்கு மறுபடி கரிச்சட்டி பிளக்.

இரண்டாவது இடம் என் சொந்த மூளையில் உதித்தது. மைனரில் பெட்டரி, எஞ்சினுக்குப் பின்னால் ஃபயர்வால் மேடையில் உட்காரும். நான் பெட்டரியை டிக்கிக்குக் கொண்டுபோயிருந்தேன். மேடை காலி. வயர் எட்டும். தரையில் இருந்து உயரம், அம்மாவின் குடையில் இருந்து வெகுதூரம். மழைத் தண்ணீர்தானே பயம், காற்றே புகாத பெட்டிக்குள் போட்டால் என்ன? நாலு பக்கமும் கிளிப் போட்டு, மூடியில் ரப்பர் வளையம் உள்ள ஒரு சாப்பாட்டுப் பெட்டி வாங்கினேன். பக்கத்தில் ஓட்டை போட்டு வயர்க்கட்டை உள்ளே எடுத்து, சுற்றிச் சிலிக்கனைக் கிரீம் கேக் மாதிரி பூசினேன். காய்ந்ததும் பெட்டியை மட்டும் தண்ணீர் வாளிக்குள் முக்கிப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. ஒரு வாரம் அந்தப் பெருமையோடு திரிந்தேன்.

வேலை நிமித்தம் வாரத்தில் ஐந்து நாள் கினிகத்தேனைக்கு இறங்கி ஏறுகிறேன். ஏ7 பாதையில் நடுவில் வட்டவளை. நாட்டிலேயே அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்று, வருடத்துக்கு 5000 மில்லிமீட்டரைத் தாண்டும். சாயந்தரம் ஏற்றம் முழுவதும் இரண்டாம், மூன்றாம் கியரில் எஞ்சின் கொதித்துக்கொண்டு வரும். வீட்டில் நிறுத்தினால் போனட்டுக்கடியில் சூடு இன்னும் ஏறும், காற்றோட்டம் நின்றுவிடுகிறதே. பிறகு இரவு, பனி, குளிர். காலையில் மறுபடி.

ஆடி மாதம் ஒரு நாள் வட்டவளை வளைவு ஒன்றில் கார் நின்றது. சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்ப் சத்தமே இல்லை. மழைக்குள் போனட்டைத் தூக்கி, டோர்ச்சை வாயில் கடித்துக்கொண்டு கிளிப்பைத் திறந்தேன். பெட்டிக்குள் இசியூவின் அடிப்பாகம் தண்ணீரில் கிடந்தது. கூடிப்போனால் இரண்டு மேசைக்கரண்டி இருக்கும். மூடியின் உட்பக்கம் முழுவதும், சோற்றுப் பானையின் மூடியைத் திருப்பினால் எப்படியோ அப்படி, முத்து முத்தாக வியர்த்திருந்தது. ரப்பர் வளையம் அப்படியே, சிலிக்கன் அப்படியே. எங்கிருந்து வந்தது?

காரை லொறியில் ஏற்றி வந்தோம். வயரிங் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். பாதி வேலை பஸ், பாதி வேலை தேயிலை ஃபெக்டரி மோட்டர். பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை.

“தம்பி, தண்ணி உள்ள வர வழிய அடைச்சிட்டீங்க. சரி. வந்த தண்ணி வெளிய போக எங்க வழி வச்சீங்க?”

“வராதுன்னுதானே அண்ணே அடைச்சேன்.”

“காத்து வருமில்ல. காத்துக்குள்ள என்ன இருக்கு, இந்த ஊர்ல?”

அவர் சொன்னதை நான் பிறகு நிதானமாக யோசித்து விளங்கிக்கொண்டது இப்படி. எஞ்சின் சூட்டில் பெட்டிக்குள் இருக்கும் காற்று விரிந்து, எப்படியாவது கொஞ்சம் வெளியேறும். வழி சிலிக்கனில் இல்லாவிட்டாலும் வயருக்குள்ளேயே இருக்கிறது, பிளாஸ்டிக் உறைக்கும் செம்பு இழைகளுக்கும் நடுவில். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது அதே வழியில் உறிஞ்சும். உறிஞ்சுவது ஹட்டன் இரவுக் காற்றை, பிழிந்தால் சொட்டும். வயர் மேல் மழைத் தண்ணீர் நின்றால் அதையும் சேர்த்து இழுக்கும். காற்று 10 டிகிரி குளிர்ந்தால் அது தாங்கக்கூடிய ஈரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மீதி சுவரில் வியர்க்கும். காலையில் சூடாகும்போது அது முழுவதும் வெளியே போகாது, கொஞ்சம் தங்கும். அடுத்த இரவு இன்னும் கொஞ்சம். நான் செய்து வைத்திருந்தது தண்ணீர் சேகரிக்கும் பம்ப்.

எஞ்சின் அறைக்குள் வைப்பதற்கென்றே செய்த இசியூக்கள் இருக்கின்றன, அவற்றைக் குறை சொல்லவில்லை. அவற்றின் கனெக்டரில் ஒவ்வொரு வயருக்கும் தனி ரப்பர் சீல் இருக்கும். பெட்டியில் காற்றை மட்டும் விட்டு நீரைத் தடுக்கும் சின்ன ஜவ்வுத் துவாரம் ஒன்று இருக்கும். உள்ளே உள்ள பாகங்கள் 100 டிகிரியைத் தாண்டியும் தாங்குவதற்காகத் தெரிந்தெடுத்தவை. கேபினுக்காகச் செய்த பெட்டியில் இவை எதுவும் இருக்காது. அதன் பாகங்கள் பெரும்பாலும் 85 டிகிரியைக் கணக்கில் வைத்தவை. உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று பார்க்கக் கனெக்டரைக் கழற்றி வயர் நுழையும் இடத்தைப் பாருங்கள். ரப்பர் இல்லையா, போனட்டுக்கடியில் அதற்கு இடமில்லை. எவ்வளவு விலை உயர்ந்த சாப்பாட்டுப் பெட்டியாக இருந்தாலும்.

என் இசியூவைத் திறந்ததும் கராஜ் முழுக்கக் கருவாட்டு வாசம். பழைய ஜப்பான் இசியூக்களில் மின்தேக்கிகள் கசிந்தால் இப்படித்தான் மணக்கும். சூடு 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்று எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் கொன்றதா, சூடு கொன்றதா என்று இனிப் பிரேத பரிசோதனை செய்து பயனில்லை. இரண்டுக்கும் நான்தான் இடம் கொடுத்தேன். இன்னொரு பெட்டி தேடிப் பிடிக்க நாலு மாதம் ஆயிற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதில் இருந்து பழைய பாகங்களுக்குக் கடைக்காரர் சொன்னதுதான் விலையாக இருந்தது.

அந்த நாலு மாதத்தில் காரை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பின்தொடர்ந்தேன். கண்ணாடி ரப்பரின் உட்பக்க ஓரமெல்லாம் முகப்பவுடர் தூவி, வெளியே அம்மா பூவாளியால் மெதுவாக ஊற்ற, உள்ளே படுத்துக்கொண்டு எங்கே கோடு விழுகிறது என்று பார்த்தேன். கண்ணாடி மூலை இரண்டிலும் கோடு. வைப்பர் தண்டு இரண்டின் அடியிலும் கோடு. ரப்பரை மாற்றினேன், தண்டுகளுக்கு வாஷர் போட்டேன். தொண்ணூறு வீதம் நின்றது. மீதிப் பத்து வீதத்தோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். அறுபது வயதுக் கார்.

தரையில் வைக்க முடியாது, இருக்கைக்கு அடியிலும் அதே கம்பளம். டிக்கிக்குக் கொண்டுபோகலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அங்கே காயும், சூடு இல்லை. ஆனால் அத்தனை வயரையும் நீட்ட வேண்டும். அறுபது வயர் என்றால் நூற்றிருபது இணைப்பு. எஞ்சின் சுழற்சியைச் சொல்லும் சென்சரின் மெல்லிய சிக்னல் வேறு, காரின் முழு நீளத்துக்கும் பெட்டரிக் கேபிளோடு கூடவே ஓட வேண்டும். அந்தச் சென்சர் வயர்கள் கம்பெனியில் முறுக்கி உறை போட்டு வந்தவை. அதை வெட்டி ஒட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

மிஞ்சியது டேஷ்போர்ட். மைனரில் நடுவில் ஸ்பீடோமீட்டர், இரண்டு பக்கமும் இரண்டு பெட்டி. அந்தப் பெட்டிகளின் உட்பக்கம் வெறும் அழுத்தின மட்டைதான். இடப்பக்க மட்டையை எடுத்துவிட்டுக் கையை விட்டால் பின்னால் நல்ல வெளி இருக்கிறது. கால் உயரத்துக்கு மேலே, குடைக்கு மேலே, ஃபயர்வாலின் இந்தப் பக்கம். வயர்க்கட்டும் எட்டுகிறது. ஒரே குறை, கண்ணாடிக்கு நேர் கீழே. அந்தப் பத்து வீதம் சொட்டும் இடம்.

அதற்கு நான் செய்தது, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் எல்லோரும் செய்ததுதான். கூரை ஒழுகினால் யாரும் அரிசிச் சாக்கைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டமாட்டார்கள், புழுங்கிவிடும். மேலே ஒரு தகரத்தைச் சாய்த்து வைப்பார்கள். மெல்லிய அலுமினியத் தகட்டை வளைத்து, ஓரத்தில் விரலளவு மடிப்பு வைத்து, இசியூவுக்கு மேலே ஒரு கூரை. சாய்வு கதவுப் பக்கம். மற்ற நாலு பக்கமும் திறந்தபடி. சொட்டு விழுந்தால் மடிப்பில் ஓடிக் கதவோரம் இறங்கும். ஈரக் காற்று வந்தால் வந்த வழியே போகும்.

பெட்டியை நிறுத்தி வைத்தேன், கனெக்டர் வாய் கீழே பார்க்கும்படி. வயர்க்கட்டு நேராக மேலிருந்து வந்து கனெக்டருக்குள் புகாமல், முதலில் ஒரு சாண் கீழே தொங்கி, வளைந்து மேலே ஏறிப் புகுகிறது. வீட்டுக்குக் கம்பத்தில் இருந்து கரண்ட் வயர் வரும்போது சுவருக்கு முன்னால் ஒரு வளைவு விடுவார்களே, அதே காரணம். வயரோடு வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். ஃபயர்வாலில் ஓட்டையை இரண்டு அங்குல வட்டமாக வெட்டினேன். வெட்டிய விளிம்புக்குப் பிரைமர், அதன்மேல் தடித்த ரப்பர் வளையம். எஞ்சின் பக்கத்திலும் வயர் ஓட்டைக்குக் கீழேயிருந்துதான் ஏறி வருகிறது. மிச்ச இடைவெளியில் கம்பிப் பஞ்சு திணித்தேன். அது எலிக்கு. தேயிலை மலையடிவாரத்தில் கொட்டில் வைத்திருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

நாலு மூலைக்கும் ரப்பர் குமிழ், பாதைக் குலுக்கலுக்காக. எர்த் வயரைப் பாடியில் கண்ட இடத்தில் பூட்டாமல் ஜிம்னியில் இருந்தபடியே எஞ்சின் பிளொக்குக்கே கொண்டுபோனேன். பிளொக்கில் இருந்து பாடிக்கும் பெட்டரிக்கும் தடித்த பட்டை. எஞ்சின் ரப்பரில் மிதக்கிறது, பட்டை இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் மெல்லிய வயர்களைத் தேடும். டிங்கர் வேலைக்கு வெல்டிங் பிளாண்டை மாட்டும் ஒவ்வொரு முறையும் கனெக்டரைக் கழற்றிவிட்டுத்தான் மாட்ட விடுகிறேன். டேஷ்போர்டுக்குள் இருந்தாலும் மட்டையை இழுத்தால் முப்பது வினாடியில் கை போகிறது.

போன தென்மேல் பருவம் முழுவதும் மாதம் ஒரு முறை கழற்றிப் பார்த்தேன். தகரத்தில் நீர் ஓடிய கோடு இருந்தது. பின்கள் மஞ்சளாகவே இருந்தன. ஒரு தடவை தொங்கல் வளைவின் அடியில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது.

அம்மாவுக்கு இன்னும் ஒரு குறை. இசியூவுக்கு இடம் விட்டு மட்டையைப் பாதியாக வெட்டி வைத்ததில் டேஷ்போர்ட் பெட்டி ஆழம் குறைந்துபோனது. மூக்குக்கண்ணாடியும் மருந்துச் சீட்டும் வைக்கலாம், பிஸ்கட் பக்கெட் குறுக்கே நிற்கிறது, மூடி மூடுவதில்லை. குடைக்கு மட்டும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை அடியில் அடைத்து, கதவுத் தூணோடு சேர்த்துப் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். போன ஞாயிறு சந்தைக்குப் போய் வந்து இறங்கும்போது அதைக் கழற்றி வெளியே கவிழ்த்தார். அரை டம்ளர் இருந்தது.